அண்ணியின் படத்துக்கு மாலை

மலேசியாவில், கூலிமில் உள்ள வணிகக் கல்லூரியின் மண்டபத்துக்குள் அண்ணியை நான் அழைத்துச் சென்றபோது, மேடையில் அவருடைய படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள். பொட்டு வைத்து, முன்னால் குத்துவிளக்கும் ஏற்றியாகிவிட்டது. பக்கத்தில் என் அண்ணன் தர்மலிங்கத்தின் படம். அதற்கு மாலை போட்டது நியாயம். அண்ணன் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அண்ணி இராசாத்தியோ பச்சைப் பட்டுச் சேலையில், என் முழங்கையைப் பற்றிக்கொண்டு, தன் படத்தைத் தானே பார்த்தபடி நின்றார்.

நிறுவனர் விழாவுக்குக் குடும்பத்தோடு வரவேண்டும் என்று கல்லூரியிலிருந்து கூப்பிட்டபோது நாங்கள் தலை நிமிர்ந்தோம். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த இருவர், ஒரு கடையின் மாடியில் பழைய தட்டச்சுப் பொறிகளை வைத்துத் தொடங்கிய பள்ளி அது. அண்ணன் கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுத்தார், அண்ணி தட்டச்சு. பால்மரம் வெட்டப் போயிருக்க வேண்டிய பெண்கள் அந்த மாடிப்படியில் இறங்கி ஆபீஸ் வேலைக்குப் போனார்கள். இன்று நிர்வாகம் வேறு, கண்ணாடிக் கட்டடம், பட்டப்படிப்பு. நிறுவனர் இருவரின் படமும் வேண்டும் என்றார்கள். துடைத்து, புதுச் சட்டம் போட்டு நான்தான் அனுப்பினேன். மகள் வீட்டோடு புக்கிட் செலம்பாவில் ஒதுங்கிவிட்ட அண்ணியைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. பழைய படத்தைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை தானாக மாலையைத் தேடும்.

விழாவுக்குப் பொறுப்பான ரூபினி என்ற பெண் ஓடி வந்தாள். என்னோடு நிற்பவர் யார் என்று சொன்னதும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ அங்கிள், சோரி லா. ரெண்டு பேருமே இல்லன்னு நெனச்சிட்டோம்."

மண்டபம் நிறைய அண்ணியிடம் படித்த பெண்கள். வங்கியிலும் தொழிற்பேட்டையிலும் அரசாங்க ஆபீசிலும் பெரிய வேலையில் இருப்பவர்கள். சிலர் அந்தப் படத்தைப் பார்த்து ஏற்கெனவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முன்னால் எங்கள் குடும்பம் கேலிப்பொருளாவதா? மாலையைக் கழற்று, விளக்கை எடு என்றேன். ரூபினி பதற்றத்தில் குனிந்து விளக்கை ஊதப்போனாள். விழாவில் ஏற்றிய விளக்கை அணைக்கலாமா என்று முன்வரிசைப் பெண்கள் பதறி எழுந்தார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். ஆனால் உயிரோடு இருப்பவரின் படத்துக்கு முன்னால் அது எரியவும் கூடாது. வாசல் பக்கம் திரும்பினேன்.

"வாங்க அண்ணி, போலாம். நம்மள மதிக்காத எடம்."

அண்ணி நகரவில்லை.

"எங்க போறது தம்பி? நான் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் இது. வேணும்னா அவங்க போகட்டும்." பிறகு ரூபினியைப் பார்த்தார். "வெளக்கு எரியட்டும்மா. அவரு பக்கமா நகத்தி வையி. என் படத்த எறக்கிட்டு அங்க ஒரு நாற்காலி போடு."

நாற்காலி வந்தது. என் கையை விட்டுவிட்டு அண்ணி தனியாகவே படியேறினார். பாதிப் படியில் யாரோ "டீச்சர்" என்றார்கள். அந்தச் சொல் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. அண்ணி தன் படம் இருந்த இடத்தில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, அண்ணனின் படத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க. என் முறை இன்னும் வரல."

மெதுவாகத்தான் சொன்னார். ஒலிவாங்கி அதை எல்லோருக்கும் கொண்டுபோனது. மண்டபம் அதிரச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஏற்புரை நிகழ்த்தும்படி கேட்டார்கள். அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மேடையோரக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். அதில் ஒரு பழைய தட்டச்சுப் பொறியும் ஒரு ஜோடி ஜால்ராவும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில் தட்டிய ஜால்ரா. தட்டச்சுக்குத் தாளம் வேண்டும் என்று அதை வகுப்புக்குக் கொண்டுவந்தவர் அண்ணி. பஜனைச் சாமானைக் கொண்டுபோய் இப்படிச் செய்யலாமா என்று அந்தக் காலத்தில் தோட்டமே பேசியது. ரூபினி பெட்டியைத் திறந்து அதை அண்ணியின் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் உக்காருங்க. நிமிந்து என்னப் பாருங்க. கீழ பாக்கக் கூடாது."

உட்கார்ந்தார்கள். ஜால்ரா ஒலித்தது. ஏ, எஸ், டி, எஃப். அண்ணியின் குரலில் நடுக்கம் இல்லை. அண்ணனின் படத்தருகே சுடர் அசையாமல் நின்றது. முன்வரிசையில், வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற பிரேமாவதியின் விரல்கள் மடியிலிருந்த கைப்பையின் மேல் ஒவ்வொன்றாக இறங்கின. அவருக்குப் பின்னால் நாற்காலி முதுகுகளின் மேலும், முழங்கால்களின் மேலும், விழா மலரின் அட்டையின் மேலும் விரல்கள். மோதிரம் போட்டவை, மருதாணி வைத்தவை, முடக்குவாதத்தில் கோணியவை, எல்லாம் ஒரே தாளத்தில்.

ஒருத்தியும் குனிந்து பார்க்கவில்லை.