பதினோராவது எழுத்து

கல்லறைக் கல்லில் ஒரு வரிக்குப் பத்து எழுத்துதான் கொள்ளும். ஃபான்யுங்கரே என்கிற படைப் பட்டம் அந்த ஊர் எழுத்தில் சரியாகப் பத்து. வாலில் ஒரு 'ன்' சேர்த்தால் பதினொன்று. அந்த ஒற்றை எழுத்துக்காகத்தான் 1962 அக்டோபரில், ஓங்கர்மான் ஆற்றங்கரையில் எல்னாவின் சமையலறையில், இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எல்னாவின் புருஷன் சோல்வே அந்த வசந்தத்தில் செத்துப்போயிருந்தான். எதிரே இருந்தவள் அவனுடைய அக்கா ஒட்டீலியா. நாற்பது வருஷம் பள்ளிக்கூட டீச்சர். அவள் சிவப்புப் பென்சிலைக் கண்டால் பேரன் எடுத்தவர்கள்கூட இன்னும் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் கல்தச்சர் அல்கோத். பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியை வைத்துக்கொண்டு, சாஸரில் ஊற்றிய காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒட்டீலியா காப்பியைத் தொடவில்லை. அந்த வீட்டில் முப்பத்தோரு வருஷமாக அவள் தொட்டதே இல்லை.

கல் புதிதல்ல. மேலே அப்பாவின் பெயர் இருக்கிறது: கிளொக்கரென், அதாவது கோயில் மணிக்காரர், ஒலோவ் எதீன். அதற்குக் கீழே நான்கு வரிக்கு இடம். சோல்வேயின் பட்டம், பெயர், வருஷங்கள் என்று மூன்று வரி போனால் ஒன்று மிஞ்சும். அந்த வரியில் தன் பெயர் வரவேண்டும் என்பதுதான் எல்னாவின் ஆசை. பட்டம் வேண்டாம், குடும்பப் பெயர் வேண்டாம், வெறும் எல்னா, அந்த ஊர் எழுத்தில் நாலே எழுத்து. பிள்ளை குட்டி இல்லாதவள். அந்தக் கல்லில் இல்லாவிட்டால் அவள் பெயர் உலகத்தில் வேறெங்கும் இருக்கப்போவதில்லை. ஆனால் கல்லறைப் பத்திரம் ஒட்டீலியாவின் பெயரில் இருந்தது.

"'ன்' இல்லாம வெட்டுங்க, அல்கோத். ஒரே வரியில அடங்கிடும்" என்றாள் எல்னா.

"'ன்' இல்லாட்டி அவன் யாரோ ஒரு பட்டாளத்தான். 'ன்' இருந்தாத்தான் ஊருக்கே தெரிஞ்ச அந்த ஆளு. எங்கப்பாவுக்கு இருக்கு, அவர் பெத்த பிள்ளைக்குக் கிடையாதா?"

அந்த மொழியில் மரியாதையெல்லாம் வாலில்தான். அதே பட்டத்தின் வாலில் பெண்பால் விகுதியை ஒட்டி, ஊர் முழுக்க எல்னாவை ஃபான்யுங்கர்ஸ்கான் என்று அழைத்தது. ஒட்டீலியா ஒருத்தி மட்டும் அழைத்ததில்லை. அவளுக்கு எல்னா, படைமுகாம் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்த பெண். அவ்வளவுதான்.

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கட்டுமா, டீச்சரம்மா?"

"அப்பனுக்கு ஒரு அளவு, பிள்ளைக்கு ஒரு அளவா?"

"அப்போ ரெண்டு வரியா உடைக்கணும். மேல ஃபான்யுங், கீழ கரென்."

"கரென்னா தண்ணித் தொட்டிங்க. என் தம்பி என்ன குளியலறை மேஸ்திரியா? கூட்டுச்சொல்லை மூட்டுல வெட்டணும், அல்கோத், கோழியை வெட்டற மாதிரி. மூணாம் வகுப்புல உனக்குச் சொல்லிக்குடுத்தேன்." சிவப்புப் பென்சிலை எடுத்து மூன்றாம் எழுத்துக்குப் பின்னால் ஒரு கோடு கிழித்தாள். மேலே ஃபான், ஒரு சிறு கோடு. கீழே யுங்கரென்.

அல்கோத் உறிஞ்சுவதை நிறுத்தினார். ஃபான் என்பது சேர்ந்து நின்றால் கொடி. தனியாக நின்றால் சாத்தான். அதுவும் வேதப் புத்தகத்துச் சாத்தான் அல்ல, கட்டைவிரலில் சுத்தியல் பட்டால் வாயில் வருகிற சாத்தான்.

"கல்லறைத் தோட்டத்துல அது தனியா நிக்குமே, டீச்சரம்மா."

"கோடு போட்டிருக்கேன்ல? கோடு இருந்தா சொல்லு முடியலைன்னு அர்த்தம். படிச்சவங்களுக்குப் புரியும்." எல்னாவைப் பார்த்தாள். "மத்தவங்களைப் பத்தி எனக்குக் கவலையில்லை."

பட்டத்துக்கு இரண்டு வரி, பெயர், வருஷங்கள். நான்கும் நிரம்பிவிட்டன. இதில் இலக்கணம் ஒன்றும் இல்லை என்று எல்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கடைசி வரி எனக்குன்னு அவர் சொல்லியிருந்தார்."

"எழுதிக் குடுத்தானா?"

"பதினாலு மாசம் அவரைத் தூக்கி உக்கார வச்சவ நான். கழுவி விட்டவ நான். நீங்க வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போனீங்க. நாலு எழுத்துதானே கேக்கறேன்."

"எங்கப்பா பேருக்குக் கீழ சமையக்காரி பேர் வராது" என்று சொல்லி ஒட்டீலியா தாளில் கையெழுத்துப் போட்டாள்.

எல்னாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காப்பிக் கெண்டியை அப்படியே அந்த நரைத்த தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. "வெட்டுங்க, அல்கோத். டீச்சர் போட்ட கோட்டுலயே வெட்டுங்க" என்றாள்.

நவம்பரில் அனைத்துப் புனிதர் திருநாளுக்குள் வெட்டிய கல் திரும்ப நின்றுவிட்டது. மெழுகுவர்த்தியோடு வந்தவர்கள் படித்தார்கள், கோட்டுக் காலருக்குள் முகத்தைப் புதைத்து இருமினார்கள். ஒட்டீலியா நிமிர்ந்தே நின்றாள்.

பிறகு பனி வந்தது. டிசம்பரில் அது வருஷங்களை மூடியது, பெயரை மூடியது, யுங்கரென்னையும் மூடியது. ஒருநாள் காலையில் எல்னா ஜன்னல் வழியே எதிரே இருந்த கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தபோது கல்லில் அப்பாவின் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதற்கு நேர் கீழே, பனிமட்டத்தில், ஃபான். சிறு கோட்டைப் பனி அப்பி மறைத்திருந்தது. நாற்பது வருஷம் கோயில் மணி அடித்த மனிதரை ஊர் நடுவே நிறுத்தித் திட்டியதுபோல் இருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து உரக்கப் படித்துவிட்டு ஓடினார்கள். ஒட்டீலியா மண்வெட்டியோடு வந்தாள். தள்ளினாள், மறுநாள் பனி மூடியது, மறுபடி வந்தாள். தினமும் வந்தாள். எல்னா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

ஜனவரியில் கதவு தட்டப்பட்டது. ஒட்டீலியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிடிச்சுக்கிச்சு, குனிய முடியலை. நாளைக்கு பிஷப் வரார். கல்லுக்கு முன்னால கொஞ்சம் தள்ளி விடறியா?"

எல்னா கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உன் புருஷனும்தானே அங்க இருக்கான்."

"இருக்கார். ஆனா என் பேர் இல்லையே, டீச்சர். யார் வீட்டுக் கல்லுலயோ நான் போய் எப்படிக் கை வைக்கறது?"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஜன்னலுக்கு வந்து பார்த்தபோது ஒட்டீலியா கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு, கையுறையால் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.