தெருமுனைக் கண்ணாடி

எதிரே வரும் வண்டி தெரியட்டும் என்று தெருமுனைக் கம்பத்தில் மாட்டியிருந்த வட்டக் கண்ணாடியை எவனோ அடிக்கடி திருப்பிவிடுகிறான் என்று தையல்காரியின் கணவர் குதித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது தெருப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர். கேட்கவா வேண்டும்?

"முனையில பைக்க நிறுத்திட்டு, போற வர்ற பொண்ணுங்களக் கிண்டல் பண்றானுங்களே, அந்தக் கூட்டம்தான். ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறனா இல்லையா பாரு."

தையல்காரி ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த எவனோ இவள்தான். தினமும் மாலை ஐந்தரைக்கு ஒட்டடைக் கம்பால் கண்ணாடிக்கு ஒரு தள்ளு. அப்புறம் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக முனைக்கு அந்தப் பக்கம் தெரியும். ஆறு மணிக்கு வேலை முடிந்து வரும் மருமகள் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அவள் தலை தெரிகிறவரை இவளுக்குக் கால் பெடலில் நிற்காது. பாழாய்ப்போன மறதி, சில நாள் கண்ணாடியைத் திரும்பச் சரிசெய்யாமல் விட்டுவிடுவாள்.

அப்படி விட்ட ஒரு நாளில் ஒரு வேன் சைக்கிள்காரரை உரசிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனாலும் இவள் ஒட்டடைக் கம்போடு கண்ணாடியைச் சரிசெய்ய ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலாளர் புகார் மனுவை வாசித்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி அந்தப் பயல்களோடு போய்விடும். செயலாளர் வீட்டு மானமும் தப்பும். அவளால் முடியவில்லை.

"அவனுங்க செய்யிறதே ஏகப்பட்டது இருக்குங்க. அத எழுதுங்க. கண்ணாடியத் திருப்பினது நான்."

செயலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. "எதுக்கு?"

அவள் மருமகளைப் பார்த்தாள். மருமகளே எழுந்துவிட்டாள்.

"எனக்காக மாமா. அதுல நம்ம ஜன்னலும் அத்தை தலையும் பொட்டாட்டம் தெரியும். அதப் பாத்துக்கிட்டேதான் அந்த இடத்தத் தாண்டுவேன்."

தான் மட்டும்தான் பார்க்கிறோம் என்றல்லவா தையல்காரி இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

மறுவாரம் அதே கம்பத்தில் இரண்டாவது கண்ணாடி ஏறியது. செயலாளரே ஏணியில் நின்று, மனைவி ஜன்னலிலிருந்து சொல்லச் சொல்லத் திருப்பினார். ஆறு மணிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கண்ணாடியில் மருமகள் வந்தாள், நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினாள். பைக்கில் இருந்த பயல்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணாடிக்குள்ளே இரண்டு தலைகள் தங்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் ஒவ்வொருவனாக வண்டியை எடுத்தான்.