மழைக்கு மட்டும் வீசிய நாற்றம்

மலேசியாவில் எங்கள் ஊரான அசாம் ஜாவாவின் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகப் பால் எங்கள் மாட்டுக் கொட்டகையிலிருந்துதான் போகும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த காலத்தில் என் தகப்பனார் முருகையா தொடங்கிவைத்தது. அறுபது வருடத்தில் ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. போன வாரம் அந்தப் பாலைக் கோயில் தலைவர் சுகுமாறன் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். மழை பெய்தால் கோயிலைச் சுற்றி மூத்திர நாற்றமாம், கண் எரிகிறதாம், என் கொட்டகைதான் காரணமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருநூறு பேர் இருக்கும் கோயில் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் போட்டு, "சிவானந்தம் குடும்பம் சுத்தம் பேணாததால்" என்று எழுதியும் விட்டார்.

மாடுகளைக் குளிப்பாட்டாமல் நான் ஒருநாளும் தேநீர் குடித்ததில்லை. எனக்கா சுத்தம் சொல்கிறார்கள்?

மருமகள் துளசி ரவாங்கில் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். கோயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு பையில் சாம்பல் நிறப் பொடியோடு வந்தாள்.

"மாமா, இது மண்ணு இல்ல. அலுமினியம் உருக்குற பேக்டரி கழிவு. கோயிலச் சுத்தி இருந்த பள்ளத்துல கொட்டி நிரவியிருக்காங்க. இதுல அலுமினியம் நைட்ரைடு இருக்கு. உலைச் சூட்டுலகூட உருகாது, காஞ்சு கெடந்தா சும்மா கெடக்கும். தண்ணி பட்டாத்தான் உடைஞ்சு அமோனியா விடும். பழைய மூத்திரத்துல வீசுற அதே வாயு."

"மழை பெஞ்சா மட்டும் நாறுதுன்னானுங்களே!"

"அதேதான் மாமா."

வியாழக்கிழமை கோயில் செயற்குழு கூடியபோது நாங்கள் இருவரும் போனோம். எல்லாரும் பார்க்க, பள்ளத்திலிருந்து ஒரு கரண்டிப் பொடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, கோயில் குழாய்த் தண்ணீரை ஊற்றினாள் துளசி. மஞ்சள் நீரில் நனைத்த துணியை மேலே பிடித்து, அமோனியா பட்டால் இது சிவக்கும் என்றாள்.

"என்னாண்ணே, மேஜிக் ஷோவா?" என்று சிரித்தார் சுகுமாறன்.

பொடி குமிழியிட்டது. டம்ளர் வெதுவெதுப்பானது. சற்று நேரத்தில் மஞ்சள் துணி குங்குமம்போல் சிவந்தது. பொருளாளர் நல்லம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, இதே நாத்தம்தான்லா!"

"மாடு எங்க இருக்கு சுகுமாறா? டம்ளருக்குள்ளயா?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "லோரிக்காரன் ஓசியில மண்ணு தர்றேன்னான். திருவிழாவுக்குத் தரை மேடாவும்னு கொட்டச் சொன்னேன். சரி, விடுங்கண்ணே. நாளைக்குப் பால் கொண்டாங்க."

"எதை விடறது? புள்ளைங்க வெறுங்கால்ல ஓடுற எடம்யா இது! நீ சுற்றுச்சூழல் இலாகாவுக்குச் சொல்லி இத அள்ளுற வரைக்கும் எங்க பால் வராது. அதுக்கு முன்ன, அசிங்கப்படுத்துன அதே குழுவுல எழுது."

அவர் 'ஒரு சிறு தவறான புரிதல்' என்று எழுதினார். அழிக்கச் சொன்னேன். 'எப்படியோ வந்த கழிவு' என்று எழுதினார்.

"கழிவுக்குக் கால் மொளைச்சிருச்சா, தானா நடந்து வர?"

மூன்றாம் முறை, 'நான் கொட்டச் சொன்ன கழிவு. சிவானந்தம் அண்ணன் குடும்பத்தின்மேல் பழி போட்டது என் தவறு' என்று எழுதினார். நல்லம்மாள் அதை உரக்கப் படித்தார். அவர் அனுப்பி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.