சந்துப் பக்கம் திரும்பிய குழாய்

"வீட்டுப் பக்கத்துல புகை ஏதும் வருதா?" என்று டாக்டர் கேட்டார். தங்கச்சி குழந்தை என் மடியில் விசில் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "கேஸ் அடுப்புதாங்க" என்றாள் தங்கச்சி. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கக் குனிந்தவர் என் சட்டைக்கிட்டே ஒரு நிமிஷம் நின்றார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

ஜவுளிக்கடையில் ஜெனரேட்டர் ஓட்டுகிறேன், பதினெட்டு வருஷமாக என்றேன். அவர் மருந்து எழுதினார்.

தங்கச்சிக்கு அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்த மகராசன் நானேதான். கடைக்கு நேர் பின்னால், சந்தில், மாடி வீடு. தண்ணீர்க் குழாய், தாழ்ப்பாள், சன்னல் எல்லாவற்றையும் சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புகை அந்தப் பக்கம்தான் போகிறது என்று தெரியாமல் இல்லை. அதனால்தான் மெஷின் ஓடுகிற நேரமாகப் பார்த்துப் போனேன். சன்னலில் நின்று நன்றாக மோந்தேன், ஒன்றும் இல்லை. தங்கச்சிதான் மூக்கைச் சுருக்கினாள். "ஏதோ வாடை அடிக்குதே அண்ணே." "புது பெயிண்டு, ரெண்டு நாள்ல போயிடும்" என்று அடித்துச் சொன்னேன். என் மூக்கில் டீசல் வாடை செத்துப் பல வருஷம் ஆகிறது. அடுப்பில் பால் தீய்ந்தாலே பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த மூக்கை நம்பி ஒரு குழந்தையைக் குடிவைத்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முன்பெல்லாம் புகை கடை வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. துணியெல்லாம் கறுக்கிறது என்று முதலாளி சத்தம் போட்டார். ஜெனரேட்டரின் புகைக் குழாயைச் சந்துப் பக்கம் திருப்பி போல்ட்டை முடுக்கியது இந்தக் கைதான். "அந்தப் பக்கம் யாரு இருக்கா" என்றார் அவர். இருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரைப் பார்த்த மறுநாள் காலை முதலாளியிடம் போய், குழாயை மாடிக்கு மேலே உயர்த்திவிட்டால் புகை யார் வீட்டுக்கும் போகாது என்றேன். "பாக்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

தங்கச்சியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. துவைத்த துணியில் இருந்த கரிப்பொடியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "மெஷினப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் அடிச்சிடு அண்ணே. சன்னலச் சாத்திக்கிறேன்" என்றாள்.

மத்தியானம் கரண்ட் போனது. போன் அடித்தேன். மாடியில் அவள் சன்னல் ஒரு கதவு, அப்புறம் இன்னொரு கதவு என்று மூடியது. கடைக்குள்ளேயிருந்து மேனேஜர், "என்னய்யா, தூங்கிட்டியா?" என்று கத்தினார். சாவியில் கை வைத்தேன்.

சந்தில் மற்ற சன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன. எதிர் மாடியில் ஒரு பெண் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையை உதறி, கொடியில் போட்டு, கசங்கிய காலரை நிதானமாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் நம்பர் என்னிடம் இல்லை.