மேல்மூடியும் கீழ்மூடியும்

வாசலில் நின்ற பழைய டீசல் காரைப் பார்க்க அன்று சாயங்காலம் ஆள் வருவதாக இருந்தது. பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதிய தாளைக் காலையிலேயே ஒட்டிவிட்டார் ஸ்பேனரக்காவின் வீட்டுக்காரர். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு காருக்கடியில் பாயை விரித்தாள்.

ஸ்பேனரக்கா என்பது தெரு வைத்த பெயர். தொழில் பிசியோதெரபி. விழுந்து படுத்தவர்களுக்கும் மூட்டு இறுகியவர்களுக்கும் வீடு தேடிப் போய்க் கை காலை வசத்துக்குக் கொண்டுவருவாள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டருக்குக் கீழே இருந்தாள். அந்த மனுஷன் "நல்லா இருக்கியா" என்று கேட்டால்கூடத் திட்டுகிற மாதிரிதான் இருக்கும். போதுமடா சாமி என்று இந்தக் காரை நம்பித்தான் வெளியே வந்தாள். கார் போனால் திரும்ப அந்த ஆள் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதைவிட நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கலாம் என்பது அவள் கட்சி.

வீட்டுக்காரரையும் குறை சொல்லக் கூடாது. போன வாரம் நெடுஞ்சாலையில் கியர் விழாமல் கார் நட்டநடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் ஒதுங்கிப் போனது. அதைக் கேட்டதிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

"கியர் ஆயில் மாத்துனா சரியாயிடுங்க. நானே மாத்துறேன். சாயங்காலம் நீங்களே ஓட்டிப் பாருங்க. கியர் மக்கர் பண்ணுச்சுன்னா சாவிய நானே வாங்க வர்றவர் கையில குடுத்துடுறேன்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நீங்களும்தான்."

காரை வாங்க ஆள் பிடித்துத் தந்தவன் கொழுந்தன். செல்போன் கடை வைத்திருப்பவன். லீவு நாளை வீணாக்குவானேன் என்று பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

முதலில் என்ஜின் ஆயில். காரை நாலு தெரு ஓட்டிச் சூடாக்கி, தாங்கிகளில் ஏற்றி நிறுத்தி, அடிமூடியைக் கழற்றினாள். மை மாதிரி கொட்டியது. ஃபில்டரை மாற்றி, புது எண்ணெயை ஊற்றி, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினாள். கொழுந்தன் எழுந்து வந்து அளவுக்கம்பியை உருவிப் பார்த்தான். முகம் பிரகாசமாகிவிட்டது.

"அண்ணி! கறுப்பாவே இருக்கே! பழசையே திருப்பி ஊத்திட்டீங்களா?"

"டீசல் வண்டி தம்பி. உள்ள ஒட்டியிருக்கிற கரியெல்லாம் புது எண்ணெயில கலந்துடும். அஞ்சு நிமிஷம் ஓடுனாலே கறுத்துடும். போய் உக்காருங்க."

அசடு வழியப் போய் உட்கார்ந்தான். அவளுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ரேடியேட்டர் தண்ணீரையும் மாற்றினாள். எல்லாம் மடமடவென்று நடந்தது. வாயில் ஒரு பாட்டு வேறு. அந்த வேகத்திலேயே காருக்கடியில் புகுந்து கியர்பெட்டியின் கீழ்மூடியைக் கழற்றி, எண்ணெயை வடித்தாள். வந்ததே பாதி அளவுதான். பார்த்தவளுக்கு ஒரே குஷி.

"பாத்தீங்களா! எண்ணெய் இல்லாம காஞ்சு கெடந்திருக்கு. அதான் மக்கர் பண்ணியிருக்கு. ஊத்துனா பறக்கும்!"

கீழ்மூடியைப் போட்டு இறுக்கிவிட்டு, பக்கவாட்டில் கொஞ்சம் உயரத்தில் இருந்த மேல்மூடியில் ஸ்பேனரை வைத்தாள். புது எண்ணெயை அந்த வழியாகத்தான் ஊற்ற வேண்டும். மூடி அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி இரும்பில் இடித்து ரத்தம் வந்தது. மூடி அப்படியே இருந்தது.



கியர்பெட்டியில் கை வைக்கிற எவரும் முதலில் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கீழ்மூடியைத் தொடுவார்கள். ஊற்ற வழியிருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் வடிக்க வேண்டும். அவளுக்கும் அது தெரியும். நன்றாகவே தெரியும். பாட்டுப் பாடிக்கொண்டே மறந்து தொலைத்தாள். இப்போது உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை. ஊற்றவும் முடியாது, ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிப் போகவும் முடியாது.

"என்ன அண்ணி, பாட்டு நின்னுபோச்சு?"

"மேல்மூடி வரல."

"அவ்ளோதானே! நீளமா ஒரு பைப்பச் சொருகி, நான் ஏறி ஒரு மிதி மிதிச்சா வந்துடப்போகுது."

"ஐயோ, கைய வெச்சுடாதீங்க! பெட்டி அலுமினியம். வெடிச்சுதுன்னா காயலாங்கடைதான்."

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "போதும்மா. வெளிய வா. அவர் வந்ததும் உள்ளதச் சொல்லி, கெடைக்கிற வெலைக்குத் தள்ளிடலாம்."

அவள் வரவில்லை. மல்லாந்து கிடந்தபடியே அந்த மூடியை முறைத்தாள். அந்த டாக்டரின் அறைக்கதவு கண்முன்னால் வந்தது. கதவைத் தட்டிவிட்டு நிற்கிற தன்னையும் பார்த்தாள். சீ, அந்தப் பிழைப்பு வேண்டவே வேண்டாம்.

பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அவள் செய்த வேலை என்ன? இறுகிப்போன தோளோடு வருகிறவர்களை எடுத்த எடுப்பில் இழுத்தாளா? இழுத்தால் ஊரே கேட்கக் கத்துவார்களே! ஒத்தடம் கொடுப்பாள். பிறகு துளி முன்னே, துளி பின்னே. தோளாக இருந்தால் பொறுமை வருகிறது, இரும்பென்றால் எங்கே போயிற்று?

"ஏங்க, கெட்டில்ல தண்ணி கொதிக்க வெச்சுக் கொண்டாங்க. தம்பி, நீங்களும் சும்மா உக்காராம இன்னொரு பாத்திரம் வைங்க."

கொதிநீரில் துணியை முக்கி, கையுறையோடு பெட்டியில் அந்த மேல்மூடியைச் சுற்றிப் போட்டாள். ஆற ஆற மாற்றினாள். பெட்டி சூடானதும் மூடியின் ஓரத்தில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஸ்பேனரை அடிவரை அழுத்தி உட்காரவைத்தாள். கழற்றும் பக்கம் திருப்பவில்லை. முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி.

"அண்ணி, அது இறுக்குற பக்கம்!"

"வாய மூடிக்கிட்டுத் தண்ணியக் கொண்டாங்க தம்பி."

பிறகு இந்தப் பக்கம் ஒரு துளி. அந்தப் பக்கம் ஒரு துளி. மறுபடி ஒத்தடம். நோயாளியிடம் பேசுகிற மாதிரியே, "ஒண்ணும் ஆகாது, மெதுவா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் நான்காம் தடவை தண்ணீர் கொண்டுவந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டான்.

"உடைஞ்சுபோச்சா?"

"வந்துடுச்சு!" காருக்கடியிலிருந்து வந்த கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஓட்டையிலிருந்து புது எண்ணெய் வழிகிறவரை ஊற்றினாள். அதுதான் அளவு. மேல்மூடியைப் போட்டு வெளியே வந்தபோது தலைமுடியிலிருந்து மூக்குவரை கறுப்பு. வாங்க வந்த ஆளும் சரியாக அப்போதுதான் வந்து நின்றார்.

காரைக் கீழே இறக்கியதும் வீட்டுக்காரரே ஓட்டினார். பக்கத்தில் அவள். பின்சீட்டில் கொழுந்தனும் வந்த ஆளும். ஒன்று, இரண்டு, மூன்று. கியர் சொன்ன பேச்சைக் கேட்டது. வேண்டுமென்றே மேட்டில் நிறுத்தி எடுத்தார். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. முனகல்கூட இல்லை. வண்டியைத் திருப்பி வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

"வண்டி பிரமாதமா இருக்கே," என்றார் வந்தவர். "நான் எடுத்துக்கிறேன்."

வீட்டுக்காரர் இறங்கினார். வாக்கு வாக்குதான், ஆனால் மனுஷனின் பயம் இன்னும் கண்ணில் அப்படியே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் பானெட்டைத் திறந்து அளவுக்கம்பியை உருவினாள்.

"இதத் தொடைக்க ஏதாவது குடுங்க."

இருந்த துணியெல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பின்கண்ணாடிப் பக்கம் போனார். காலையில் ஒட்டிய தாளைச் சர்ரென்று கிழித்தெடுத்து, மடித்து அவளிடம் நீட்டினார்.

"இது போதுமா?"

"போதுங்க," என்றாள்.

கொட்டை எழுத்துகளின் மேல் கறுப்பு எண்ணெயைத் துடைத்து, கம்பியைத் திரும்பச் செருகினாள்.