அமிர்தலிங்கம் மேட்டுக் கைகாட்டி

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அர்ஜுனன் "உங்க இஷ்டம்லா" என்று சொன்னதுமே நல்லுசாமிக்குச் சந்தேகம் தட்டியது. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தே முட்டி தேய்ந்து, இப்போது நாற்றுமேடைக்குக் காவலிருக்கும் மனிதர் அவர். ஆபீசிலிருந்து உத்தரவு வந்து பார்த்திருக்கிறார், திட்டு வந்து பார்த்திருக்கிறார். இஷ்டம் வந்து பார்த்ததில்லை.

விஷயம் சின்னதுதான். தோட்டத்துப் பாதைகள் பிரியும் இடமெல்லாம் ஒரு கட்டையில் தகரம் அடித்திருக்கும். தகரத்தில் ஒரு பெயர், ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். கங்காணி முக்கு, மணல்பாலம், பழைய ஸ்டோர், அமிர்தலிங்கம் மேடு. கீழே ரப்பர் தோட்டங்களிலிருந்து புதுசாக வந்த குடும்பங்கள் பனியில் வழி தவறித் திண்டாடிய காலத்தில், லயத்து வீட்டு ஆட்களே எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி எழுதி மாட்டியவை.

இப்போது ஆபீஸ் வாசலில் பெரிய போர்டு ஒன்று எழுந்து நின்றது. தோட்டம் முழுவதையும் படமாக வரைந்து, ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். பெயர் ஒன்றுகூட இல்லை.

"இனிமே ஆபீஸ்ல எல்லாம் நம்பர்தான்," என்றான் அர்ஜுனன். "இந்தத் தகரமெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு. வச்சுக்கிறதா, கழட்டிப் போடுறதான்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கச் சொல்லிட்டாரு துரை. ஞாயித்துக்கெழமை கோயில் கொட்டகையில கூடுவோம். உங்க இஷ்டம்லா."

அவனுக்குப் பக்கத்தில் அசிஸ்டென்ட் மானேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்லுசாமி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை. பிடிபடாதது எதுவும் நல்லதாக இருந்து அவர் பார்த்ததில்லை.

தகரம் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டால், அமிர்தலிங்கம் மேடு முழுகிவிடும். தேயிலை நிற்காத செங்குத்துச் சரிவு அது. முன்னாளில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பும்போது, "அங்கே நீங்கள் காய்கறி போட்டுக்கொள்ளுங்கள்" என்று, அப்போது லயத்துக்குப் பெரியவராக இருந்த அமிர்தலிங்கத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். வாயால் சொன்னதுதான். சொன்னவர் கப்பலேறிவிட்டார், கேட்டவர் செத்துப்போனார். அந்தச் சரிவை நாலைந்து குடும்பங்கள் பங்கு வைத்துப் பயிர் செய்தன. நல்லுசாமியின் பங்கில் அவருடைய மகள் நீலாவதி முட்டைக்கோஸ் போட்டிருந்தாள். புருஷன் லோரி கவிழ்ந்து இறந்தபின் அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சோறு அந்தக் கோசுதான். திரிங்காப் ஊரிலிருந்து வரும் காய்கறி லோரி வாரா வாரம் ஏற்றிக்கொண்டு போகும்.

போன வாரம் தொப்பிக்காரர்கள் இருவர் ஜீப்பில் வந்து, முக்காலியில் ஏதோ கருவியை நட்டு, மேட்டை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். என்ன என்று நீலாவதி கேட்டதற்கு, "சும்மா பாக்குறோம்" என்றார்களாம். சும்மா பார்க்கிறவன் எதற்கு முக்காலி கொண்டுவருகிறான்?

"மேட்டுக்குன்னு இந்த ஒலகத்துல எழுதி வச்ச ஒரே எழுத்து அந்தத் தகரத்துலதான் இருக்கு," என்றார் மகளிடம். "அதையும் நம்ம கையாலயே கழட்ட வைக்கிறான் அந்தக் கிராணி. நாளைக்கு யாராவது கேட்டா, நான் தொடவே இல்ல, அவங்களேதான் கழட்டினாங்கம்பான்."

"தகரம் போனா கோசு மொளைக்காதாப்பா?"

"மொளைக்கும். வெட்டுறது யாருங்கிறதுதான் கேள்வி."

"அர்ஜுனன் அப்படிப்பட்டவன் இல்லப்பா. அவங்கம்மா பாஞ்சாலைக்கும் அங்க பங்கு இருக்குல்ல?"

"அதான் சொல்றேன். மத்தவங்களக் கெளப்பிட்டா மொத்தமும் அவங்கம்மாவுக்கு."

நீலாவதி கோசுக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அதற்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும், எதை அடைத்தும் பயனில்லை.

சனிக்கிழமை ஜப்பார் பாயின் வேன் வந்தது. தானா ராத்தா டவுனில் கடை வைத்திருப்பவர். வாரம் ஒருமுறை துணியும் மசாலாவும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வருவார். அவர் காதிலும் செய்தி விழுந்திருந்தது.

"கழட்டிப்புட்டா நான் எப்படிண்ணே வர்றது? ஆர்டர் குடுக்கிறவங்க 'மணல்பாலத்துக்குக் கீழ, ரெண்டாவது வீடு'ங்கிறாங்க. உங்க பெரிய போர்டுல நானும் தேடிப் பாத்துட்டேன், மணல்பாலமே இல்ல. நம்பரை வச்சுக்கிட்டு எந்தக் கதவத் தட்டுறது?"

"ஒனக்கு யாவாரம் கெடும்னு பேசுற."

"ஆமாண்ணே. யாவாரிக்கு யாவாரந்தான். இதுல ஒளிக்க என்னலா இருக்கு?"

அந்தப் பதில் நல்லுசாமிக்குப் பிடிக்கவில்லை. சந்தேகப்பட ஒன்றும் இல்லாத ஆளோடு எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியாது. அரைக் கிலோ மல்லி வாங்கி, முகர்ந்து பார்த்து, மூட்டையின் அடியிலிருந்து வேறு எடுத்துத் தரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகை நிறைந்துவிட்டது. முதலில் பேசியவர்கள் எல்லாம் ஒரே மாதிரி பேசினார்கள். நாங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டுக்குப் போவோம், இந்தத் தகரத்தை யார் பார்க்கிறார்கள்? கொழுந்து எடுக்கும் பெண்களில் வாய் நீளமான மணியம்மா எழுந்தாள்.

"பாக்காதவங்களாக் கூடி உக்காந்துக்கிட்டு யாரும் பாக்கலன்னு சொன்னா எப்படி? வாக்கப்பட்டு வந்த புதுசுல நான் தண்ணி எடுக்கப் போயி, திரும்ப வழி தெரியாம, அந்தத் தகரத்தப் பாத்துத்தான் வீடு வந்து சேந்தேன்."

"நீ தப்பான வீட்டுக்கு வந்துட்டேன்னு இன்னிக்கும் ஒம் புருஷன் சொல்றாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகை சிரித்தது.

"அவரு மூஞ்சிக்குத் தகரமே தேவலாம்," என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

துரை சொல்லியனுப்பியதாக அர்ஜுனன் ஒரு யோசனை சொன்னான். "எல்லாத்தையும் ஒரு மாசம் கழட்டி வச்சுப் பாப்போம். யாராவது வந்து கொறை சொன்னா அதை மட்டும் திரும்ப மாட்டிக்கலாம்."

நல்லுசாமி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வழி தவறினவன் எப்படிய்யா கொறை சொல்ல வருவான்? அவன்தான் வழி தவறிட்டானே."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. அர்ஜுனனும் சிரித்தான். ஒரு மாசப் பேச்சு அதோடு போயிற்று. அடுத்து பழைய ஸ்டோர். மண் சரிந்து ஸ்டோரே பள்ளத்தில் போய்விட்டது, தகரம் மட்டும் இன்னும் பள்ளத்தைப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்துவிடலாம் என்றார்கள். நல்லுசாமி ஒருவர்தான் கூடாது என்றார். இன்றைக்கு ஸ்டோர் என்பான், நாளைக்கு மேடு என்பான் என்பது அவர் கட்சி. அவரைத் தவிர எல்லாரும் கையைத் தூக்கினார்கள். பழைய ஸ்டோர் போனது.

"மத்ததெல்லாம் இருக்கட்டும்," என்றான் அர்ஜுனன். "ஆனா ஒண்ணு. ஒவ்வொரு பேருக்கும் கீழ ஆபீஸ் நம்பரையும் எழுதிடுவோம். மணல்பாலம்னா பன்னெண்டு. பேரு தெரிஞ்சவங்களுக்குப் பேரு, நம்பர் தெரிஞ்சவங்களுக்கு நம்பர்."

நல்லுசாமி தூணில் ஒரு தட்டுத் தட்டினார். இதற்காகத்தான் காத்திருந்தார். "இதான்யா தூண்டிலு! முதல்ல கீழ எழுதுவான். அப்பறம் மேல எழுதுவான். அதுக்கப்பறம் பேர அழிப்பான். எங்க மேட்டுத் தகரத்துல ஒரு நம்பரும் ஏறக் கூடாது!"

"ஆமா, கூடாது!" என்று மேட்டில் பங்கு உள்ளவர்கள் சத்தம் போட்டார்கள். பாஞ்சாலைகூட மகனைப் பார்க்காமல் கையைத் தூக்கிவிட்டாள். கிட்டத்தட்ட முடிவாகிவிட்ட மாதிரிதான்.

மணியம்மா மட்டும் அர்ஜுனனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மேட்டில் ரெண்டு பாத்தி உண்டு. "ஏன்யா கிராணியாரே, எங்க மேட்டுக்கு என்ன நம்பரு?"

அர்ஜுனன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அசிஸ்டென்ட் இல்லை. "இருபத்தெட்டு," என்றான். "தனி நம்பர் இல்ல. கீழ உள்ள தேயிலையோட சேத்து ஒரே இருபத்தெட்டு."

"அதுக்கு ஏன் குரல் எறங்குது?"

"இருபத்தெட்ட ஒரு பூக் கம்பெனி லீசுக்குக் கேக்குது. துரை குடுக்கிறேன்னுட்டாரு. இன்னும் கையெழுத்து ஆகல."

மேட்டில் பாத்தி உள்ளவர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மேட்ட எடுக்கணும்னு அவருக்கு நெனப்பே இல்ல," என்றான் அர்ஜுனன். "அவரு புதுசு. மலைக்கு ஏறினதே இல்ல. பழைய துரை மேட்டக் குடுத்துட்டுப் போனது அவருக்கும் தெரியும். 'அமிர்தலிங்கம் மேட்ட அவங்களே வச்சுக்கட்டும், நான் குடுக்கிறது இருபத்தெட்டு'ங்கிறாரு. ரெண்டும் வேற வேற எடம்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. ரெண்டும் ஒண்ணுதான் சார்னு சொன்னேன். எங்க எழுதியிருக்குன்னு கேட்டாரு."

நல்லுசாமி தூணை விடவில்லை. "இத ஏன்டா பெரட்டுல சொல்லல?"

"பக்கத்துல யாரு நின்னா? லீசு பேச்சை வெளிய விட்டேன்னு அன்னிக்கே வேலை போயிருக்கும். ஒங்களுக்கு மட்டுந்தான் சந்தேகம் வருமா மாமா? எனக்கும் வரும்."

மணியம்மா நல்லுசாமியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க சொல்ற மாதிரி நம்பரில்லாம பேரு மட்டும் தொங்கினா, அவனுக இது இருபத்தெட்டு, ஒங்க மேடு வேற எங்கயாவது இருக்கும், போயித் தேடுங்கன்னு சொல்லிப்புடுவானுக."

நல்லுசாமி துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். அவர் மனசு இன்னொரு வாசலைத் தேடியது. பையன் பொய் சொல்கிறானா? பொய்யென்றால் அவன் அம்மா பாத்தியும் அல்லவா போகும்? மற்றவர்களைக் கிளப்பிவிட்டு அவள் மட்டும் இருக்கலாம் என்றால், இருபத்தெட்டு முழுக்கப் பூக் கம்பெனிக்குப் போகும்போது அவள் எங்கே இருப்பாள்? எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. கடைசியில் அவர் சொன்னது இதுதான்:

"எழுதுறது நீதான் எழுதணும். வேற ஆள விடக் கூடாது. நான் பக்கத்துல நிப்பேன். பேரு எழுத்து பெருசா இருக்கணும்."

"சரி மாமா."

"அம்பு மேட்டப் பாத்து இருக்கணும்."

"இப்பவும் அப்படித்தானே மாமா இருக்கு?"

"இருக்கு. நாளைக்கும் இருக்கணும்."

மறுநாள் வேலை விட்டதும் அர்ஜுனன் தூரிகையும் பெயிண்ட் டப்பாவுமாக மேட்டுக்கு வந்தான். நல்லுசாமிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தும் விழ விழ, விரலை நீட்டிக் கூட்டிப் பார்த்தார். 'ர்' மேல் புள்ளி வைக்கவில்லை என்று நிறுத்தி, அதை வைத்தபின்தான் அடுத்த எழுத்துக்கு விட்டார். பெயருக்குக் கீழே இருபத்தெட்டு ஏறியது. சிவப்புப் பெயிண்ட்.

அது காய்வதற்குள்ளேயே கீழிருந்து ஜீப் சத்தம். துரையே வந்தார். பின்சீட்டில் அந்தத் தொப்பிக்காரர்கள் இருவரும் இருந்தார்கள். லீசுக்கு முன் பூக் கம்பெனிக்காரர்களுக்கு ஒருமுறை இடத்தைக் காட்ட வந்தார் என்று பிறகு தெரிந்தது. தகரத்தின் முன்னால் ஜீப் நின்றது. துரைக்குத் தமிழ் வராது. நம்பரைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். நம்பருக்கு மேலே இருந்த எழுத்தைச் சுட்டிக்காட்டி அர்ஜுனனிடம் என்னவோ கேட்டார்.

"அமிர்தலிங்கம் மேடு, சார்," என்றான் அர்ஜுனன்.

துரை அம்பு காட்டிய பக்கம் தலையைத் தூக்கினார். சரிவு முழுக்கக் கோசு. நடுவில் நீலாவதி சங்கோல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, நகராமல், இவர்களையே பார்த்து நின்றாள். துரை இறங்கவில்லை. தொப்பிக்காரர்களோடு இங்கிலீஷில் பேசினார். அவர்களில் ஒருவன் தலையை ஆட்டினான், இன்னொருவன் முகத்தைச் சுளித்தான். நல்லுசாமி மூன்று வாய்களையும் கூர்ந்து பார்த்தார். ஒரு சொல்லும் புரியவில்லை. யாரும் சிரிக்காதது மட்டும் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

கடைசியில் துரை அர்ஜுனனிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

"என்னடா சொல்றான்?"

"இருபத்தெட்ட ரெண்டாப் பிரிக்கச் சொல்லிட்டாரு மாமா. கீழ உள்ள தேயிலை மட்டுந்தான் லீசு. மேடு நமக்குத்தான்." அர்ஜுனனின் முகம் முழுக்கச் சிரிப்பு. "பெரிய போர்டுலயும் கோடு போட்டுப் பிரிச்சு எழுதச் சொல்லியிருக்காரு."

நீலாவதி மேலிருந்து "என்னப்பா?" என்று கத்தினாள். நல்லுசாமி பதிலுக்குக் கையை அசைத்தார். பொறு என்றும் எடுத்துக்கொள்ளலாம், சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"பிரிச்சா, நம்ம பாதிக்கு என்ன நம்பரு?"

"இருபத்தெட்டு ஏ."

நல்லுசாமி தகரத்தைப் பார்த்தார். அதில் வெறும் இருபத்தெட்டுதான் இருந்தது.

"அப்ப டப்பாவ மூடாத," என்றார்.