கூர்ப்புப் பாடத்துக்கு வந்தவர்கள்

2023ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாய்ந்தமருதில் ஒரு பெண்கள் பாடசாலையில் கமலவேணி ரீச்சர் உயர்தர மாணவிகளுக்குக் கூர்ப்பு, அதாவது உயிர்களின் பரிணாமப் பாடத்தைத் தொடங்கியபோது, செத்து ஆறு வருடமாகியிருந்த அவளுடைய அப்பா வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். அடுத்த நாள் அவருக்குப் பின்னால் அவருடைய தகப்பன் நின்றார். பாடம் ஒரு பக்கம் நகர்ந்தால் வரிசை நூறு தலைமுறை நீண்டது. இரண்டாம் கிழமை முடிவதற்குள் விறாந்தையையும் மைதானத்தையும் தாண்டிப் பிரதான வீதி வரை நின்றார்கள். முன்னால் நின்றவர்கள் வேட்டியும் சேலையும் உடுத்தியிருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் தோலும் இலையும். அதற்கும் பின்னால் நெற்றி சரிந்து, கை நீண்டு, உடம்பெல்லாம் மயிர் மூடியவர்கள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தால் வழிவிட்டு, போனதும் பழையபடி சேர்ந்துகொண்டார்கள்.

பக்கத்து வகுப்பில் இரசாயனம் படிப்பிக்கும் பரீனா ரீச்சர் ஒரு நாள் அந்த வரிசை நெடுக மெதுவாக நடந்து பார்த்துவிட்டு வந்தாள். “முன்னுக்கு நிக்கிறது உங்கட ஆக்கள்தான் ரீச்சர். மதிலுக்கு அங்கால ஒருத்தர் நிக்கிறார், அசல் எங்கட வாப்பாட தாடை. அதுக்குப் பிறகு ஆர்ர ஆக்கள் எண்டு எனக்குப் பிரிக்க ஏலாமக் கிடக்கு” என்று சொல்லிவிட்டு, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டாள்.

கமலவேணியின் புருஷன் தம்பிமுத்து, கல்முனையில் தகரக் கூரை போட்ட ஜெப வீடொன்றின் போதகர். ஆதாம் ஆறாம் நாளில் முழு மனிதனாக எழும்பினான் என்று பதினைந்து வருடமாகப் பிரசங்கித்து வந்தவர். அவரைக் கட்டுவதற்காகத்தான் அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். எடுத்தபின் விசுவாசம் உண்மையாகவே அவளுக்குள் இறங்கிவிட்டது. அதனால் பாண்டிருப்பில் அப்பா செத்தபோது, சைவச் சடங்கு நடக்கும் வீட்டுக்குள் போகக்கூடாது என்று புருஷன் சொன்னதைக் கேட்டு, குடையோடு வீதியில் நின்றுவிட்டுத் திரும்பினாள். இப்போது அந்த அப்பா அவள் சோறு ஆக்கும்போதும் குசினி வாசலில் நின்றார். படுத்தால் எல்லாருடைய மூச்சும் கேட்டது. ஜெபத்தில் கண்ணை மூடினால் அவர்கள் பார்ப்பது பிடரியில் தெரிந்தது.

தம்பிமுத்து மூன்று நாள் உபவாசம் இருந்து விரட்டிப் பார்த்தார். பிசாசுகள் என்றால் அலறும். இவர்கள் ஆண்டவரின் பெயரைக் கேட்டதும் தலை குனிந்தார்கள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, இவர்கள் தனக்கு ஒன்றுமில்லை என்று அவள் வாயால் சொன்னால் போய்விடுவார்கள், சொல்லாவிட்டால் இந்தச் சபையில் அவளுக்கு இடமில்லை என்றார். கமலவேணி திரும்பிப் பார்த்தாள். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். ஒருவரும் கூப்பிடாததால் அவர் உள்ளே வரவில்லை.

“ஆண்டவர் மண்ணைக் குழைச்சு மனிசனைச் செஞ்சார் எண்டு நான் நம்புறன்” என்றாள். “எவ்வளவு காலம் குழைச்சார் எண்டு எங்கயும் எழுதியில்ல. இவங்க அந்த மண். நான் ஒருக்கா வீதியில நிண்டது போதும்.”

பிறகு போய் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

சபையில் பாதிப்பேர் எழும்பிப் போனார்கள். மீதிப்பேர் பாயில் ஒதுங்கி இடம் விட்டார்கள். தம்பிமுத்து இரண்டு மாதம் அவளோடு கதைக்கவில்லை. பிரசங்கத்தில் ஆறாம் நாளுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார். புரட்டாதியில் ஒரு ஞாயிறு, மயிர் மூடிய ஒரு தாயின் இடுப்பிலிருந்த பிள்ளை விடாமல் இருமியது. அவர் இறங்கிப் போய்த் தண்ணீர் பருக்கினார். பிள்ளை அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. அன்றைக்கு ஆராதனை அத்தோடு முடிந்தது.

அந்தக் கிழமையே வரிசை நீண்டு கடலுக்குள் இறங்கியது. செதிலும் துடுப்பும் உள்ள கடைசி ஆட்கள் கரைக்கு ஏற மாட்டார்கள் என்பதால், மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை கடற்கரையில் நடக்கிறது. தோணிக்காரர் அன்றைக்கு வலையைக் கொஞ்சம் தெற்கே தள்ளிப் போடுகிறார்கள். தம்பிமுத்து காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். பின்னால் உள்ளவர்களுக்கு அலைச் சத்தத்தில் விளங்குவதில்லை என்று கமலவேணி சொன்னதால், இப்போதெல்லாம் கொஞ்சம் உரத்துத்தான் பிரசங்கிக்கிறார்.